பசியின் குரலைக் கேட்கப் பழகுதல்: உண்ணல் கோளாறும் கவனத் தியானமும்

"இதனால எடை குறையுமாக்கா?"

சிங்கப்பூரில் உணவும் தியானமும் என்று பேச்செடுத்தால், அது சமூக மன்றத்து வகுப்பானாலும் புளோக்குக்குக் கீழே கல் மேசையைச் சுற்றி நடக்கும் அரட்டையானாலும், ஐந்து நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. போன வாரம்தான் பலதுறை மருந்தகத்தில் எடையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இடையில் யாரோ ஒருவர், மெதுவாகச் சாப்பிட்டால் தொப்பை கரையும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருப்பார்.

ஆய்வுகளைப் புரட்டினால் விடை வேறு திசையில் இருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் எடையை மனத்தில் வைத்துக் கவனத் தியானத்தை, அதாவது சாப்பிடுவதை நிதானமாகக் கவனிக்கப் பழக்கும் பயிற்சியை, சோதித்தவர்களுக்கு மழுப்பலான விடைதான் கிடைத்தது. இரவு பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பசியே இல்லாமல், நிறுத்தவும் முடியாமல் தின்பவரை மனத்தில் வைத்துச் சோதித்தவர்களுக்கு ஓரளவு தெளிவான, நம்பிக்கை தரும் விடை கிடைத்தது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் அந்த இரவுத் தீனி என்னவென்று பார்ப்போம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-இலேயே இதைப் பற்றி எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு இதைத் தனிக் கோளாறாக ஏற்றுக்கொள்ள 2013 வரை ஆயிற்று. ஆங்கிலத்தில் பிஞ்ச் ஈட்டிங் என்கிறார்கள். இங்கே கட்டுமீறிய உண்ணல் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அளவைவிடக் கட்டு போவதுதான் இதில் முக்கியம். சற்று நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, அப்போது 'என் கையில் எதுவும் இல்லை' என்ற உணர்வு, வயிறு வலிக்கும்வரை போவது, வெட்கத்தால் தனியே சாப்பிடுவது, முடிந்ததும் தன்மீதே அருவருப்பு. இது வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர வேண்டும். தின்ற பின் வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டத் தொடங்கினால் அது புலிமியா. தீபாவளியன்று அத்தை வீட்டில் ஏழு அதிரசம் உள்ளே போவது இரண்டிலும் சேராது. அது தீபாவளி.

இது ஏன் நடக்கிறது என்பதற்குப் பொதுவாக நாம் தரும் விளக்கம் 'வாய்க்கட்டுப்பாடு இல்லை' என்பது. ஆய்வுகள் காட்டுவது கிட்டத்தட்டத் தலைகீழ். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்தார். எல்லாரும் உடலாலும் மனத்தாலும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சில வாரங்களிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு நிறைந்தது தெரியாமல் தின்றார்கள். பட்டினிதான் கட்டை உடைத்தது.

1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபரா மேக் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் சுவாரசியமானது. கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருப்பவர்களோ மில்க்ஷேக் குடித்தபின் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆய்வாளர்கள் இதற்கு ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் வைத்தார்கள். நம்மிடம் எப்போதோ சொல்லிவிட்டார்கள்: நனைந்த பின் முக்காடு எதற்கு? ஒரு புரோட்டாவில் விதி உடைந்துவிட்டது, இனி நாலு ஆனால் என்ன!

சிங்கப்பூரில் இந்தச் சுழலுக்குத் தீனி நிறைய. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கமான TAF என்பதைத் திருப்பி வாசித்தால் 'ஃபேட்' என்று வரும். பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2006-இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 12 முதல் 26 வயதுவரையிலான 4,461 பெண்களைக் கேட்டது. 7.4 விழுக்காட்டினர் உண்ணல் கோளாறு வரக்கூடிய அபாயத்தில் இருந்தார்கள்.

நம் இந்தியச் சமூகத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2010-ஆம் ஆண்டின் சிங்கப்பூர்த் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுவரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று எல்லையும் கீழே இறக்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் காரணங்கள் நியாயமானவை. ஆனால் அந்த எண்கள் வீட்டுக்குள் வரும்போது என்னவாகின்றன? காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போவது, மதியம் வெறும் பழம், மாலை ரயிலில் தலைசுற்றல், வீடு வந்ததும் எஞ்சிய சோறு முழுவதும். இதற்கிடையில் கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியம்மா, "என்னடி இப்படி ஊதிட்டே?" என்பார். அடுத்த மூச்சில், "ஏன் இவ்வளவுதான் வெச்சிருக்கே, இன்னொரு கரண்டி போடு" என்பார். உண்மையிலேயே அன்பாகத்தான் சொல்வார்.

கவனத் தியானம் இந்தக் கதைக்குள் வந்தது வலி நோயாளிகள் வழியாக. மைண்ட்ஃபுல்னஸ் என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. விழிப்புணர்வு என்றால் நமக்கு டெங்கிக் கொசு நினைவுக்கு வருகிறது. மனநிறைவு என்றால் பொருளே மாறிவிடுகிறது. நடப்பதை, நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது என்பதுதான் விஷயம். பௌத்தத்தில் 'சதி' எனப்படும் பயிற்சியே அதன் வேர். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் அதிலிருந்து சமயச் சடங்குகளை நீக்கி, நாள்பட்ட வலியுள்ளவர்களுக்கான பயிற்சியாக மாற்றினார். பின்னாளில் அது எட்டு வாரத் திட்டமாக உலகெங்கும் பரவியது. அதில் எல்லாருக்கும் நினைவிருப்பது உலர்திராட்சைப் பயிற்சி: ஒரே ஒரு திராட்சையை எடுத்து, பார்த்து, தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடைசியில் கடிப்பது.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும். முதன்முதலில் இதைச் செய்தபோது என் பக்கத்தில் இருந்தவர், "பாயசத்துல போடற சாமானுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று முணுமுணுத்தார்.

இண்டியானா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஜீன் கிறிஸ்டெல்லர் இந்த ஒரு திராட்சையை விரித்து முழுச் சிகிச்சையாக்கினார். அவருடைய பயிற்சியின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் 'மெதுவாகச் சாப்பிடு' என்ற அறிவுரைக்கும் இதற்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரிகிறது. திராட்சையில் தொடங்கி, சீஸ், பிஸ்கட், சாக்லேட் என்று போய், கடைசியில் பஃபே விருந்துவரை போகிறார்கள். அதாவது யார் எதைக் கண்டு பயப்படுகிறாரோ அதையே மேசையில் வைக்கிறார்கள். தடைசெய்த உணவு என்று ஒன்றும் கிடையாது.

சாப்பிடும் முன் ஒரு கணம் நின்று, இப்போது பசி எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துவரை மதிப்பிடச் சொல்கிறார்கள். எளிது போலத் தோன்றும். பல ஆண்டு டயட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடையே வராது. கோபமா, களைப்பா, தனிமையா, பசியா என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே சத்தமாகியிருக்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு வந்துசேரச் சுமார் இருபது நிமிடம் பிடிக்கிறது. கட்டுமீறிய உண்ணல் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

அடுத்தது நாக்கு. ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன் இன்பம் வேகமாகக் குறையும். நான்காவது ஜாங்கிரி முதல் ஜாங்கிரி போல இருப்பதில்லை. கவனித்தால் தெரியும், ஆனால் நாம் கவனிப்பதில்லை. முதல் கடியின் நினைவைத் துரத்திக்கொண்டே பெட்டியைக் காலி செய்கிறோம். புதிய பண்டம் வந்தால் இன்பம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பஃபேயில் நாம் கூடுதலாகச் சாப்பிடுவதற்கு இதுவே பெரிய காரணம். வாழையிலையில் பொரியல், கூட்டு, அப்பளம், சாம்பார், ரசம், மோர் என்று வரிசை கட்டி வருவதும் ஒருவகைப் பஃபேதான். என்ன, பரிமாறுகிறவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, என் கணிப்பில் மிக முக்கியமானது, தீர்ப்புச் சொல்லாமல் பார்ப்பது. சாப்பிட வேண்டும் என்ற உந்துதல் ஓர் அலைபோல எழுந்து, உச்சிக்குப் போய், தானே அடங்கும். அதை எதிர்க்காமல், அடிபணியவும் செய்யாமல், உடலில் எங்கே எழுகிறது என்று பார்த்தபடி உட்காரச் சொல்கிறார்கள். சில நேரம் அலை ஜெயித்துவிடும். அப்போதும் 'நனைந்தாச்சு' என்று மிச்சத்தையும் விழுங்காமல், மூன்றாவது புரோட்டாவில் நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பது. பாதியில் நிறுத்துவது இங்கே தோல்வி இல்லை. வெட்கம் அடுத்த பட்டினிக்கும் அந்தப் பட்டினி அடுத்த இரவுக்கும் இட்டுச்செல்கிறது என்றால், சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் வெட்கம்தான்.

சரி, வேலை செய்ததா? 1999-இல் வெளியான முதல் சோதனை மிகச் சிறியது: 18 பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆறு வாரங்களில் கட்டுமீறிய உண்ணல் வாரத்துக்குச் சுமார் நான்கு முறையிலிருந்து ஒன்றரை முறைக்கு இறங்கியது. சுவாரசியம், ஆனால் சான்று என்று சொல்ல முடியாது. கவனிப்பாரற்றுக் கிடந்தவர்களை வாராவாரம் யாராவது அன்பாகக் கேட்டாலே பாதி குணமாகும்.

கிறிஸ்டெல்லர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அதைவிட வலுவானது. 150 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: தியானக் குழு, எண்ணங்களையும் பழக்கங்களையும் கண்டறிந்து மாற்றும் அறிதல் நடத்தை முறையில் பாடம் கற்ற குழு, காத்திருப்போர் பட்டியல். பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்து, கோளாறு இருந்தவர்களில் தியானக் குழுவில் 95 விழுக்காட்டினருக்கும் பாடக் குழுவில் 76 விழுக்காட்டினருக்கும் நோயறி அளவுகோலின்படி அந்தக் கோளாறு இல்லை. எஞ்சியிருந்த கட்டுமீறல்களும் தியானக் குழுவில் சிறியவையாக இருந்தன. இந்த 95-ஐ மட்டும் எடுத்து விளம்பரத்தில் போடுபவர்கள் உண்டு. அதே ஆய்வில், மாதத்தில் எத்தனை நாள் கட்டுமீறினார்கள் என்ற கணக்கிலும் மனச்சோர்விலும் இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறின என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தத் துறை முழுவதும் இதே கதை. 2015-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், ஒரே ஆளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் விளைவின் அளவு, அதாவது மாற்றம் எவ்வளவு பெரிது என்று காட்டும் புள்ளியியல் எண், 1.12. வேறு குழுவோடு ஒப்பிட்டால் 0.70. அப்போதும் நல்ல அளவுதான், ஆனால் ஒப்பீடு கடுமையாக ஆக ஆகப் பலன் சுருங்குகிறது.

தியானத்தை ஒரு பகுதியாகக் கொண்டு, உணர்ச்சிக் கொந்தளிப்பைச் சமாளிக்கக் கற்றுத்தரும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையிலும் அப்படியே. 2001-இல் 44 பெண்களிடம் நடந்த சோதனையில், சிகிச்சை முடித்தவர்களில் 89 விழுக்காட்டினர் கட்டுமீறலை அறவே நிறுத்தியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அது 56. 2010-இல் 101 பேரை வைத்து, இந்தச் சிகிச்சையை வெறும் ஆதரவுக் குழுவோடு ஒப்பிட்டார்கள். முடிவில் கட்டுமீறலை நிறுத்தியவர்கள் 64-க்கு 36 விழுக்காடு என்று முன்னிலை, ஆனால் ஓராண்டில் அந்த முன்னிலை கரைந்துவிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் குறிப்பிடத்தக்கது: பாதியில் விட்டுப்போனவர்கள் இங்கே 4 விழுக்காடு, ஆதரவுக் குழுவில் 33. தங்கியிருக்க முடிகிற சிகிச்சை என்பதே ஒரு பலன்தானே.

ஆகவே இதைத் தவறாமல் வேலை செய்யும் மருந்து என்று சொல்ல மாட்டேன். மருத்துவ வழிகாட்டிகளும் சொல்வதில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, கட்டுமீறிய உண்ணலுக்கு முதலில் பரிந்துரைப்பது அறிதல் நடத்தை முறையில், ஒருவர் துணையோடு செய்யும் சுயவுதவித் திட்டத்தை. தியானம் அதற்கு மாற்று வழி அல்லது துணை. உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதும் முறை ஒத்துவராதவர்களுக்கு நல்ல மாற்று என்பது என் எண்ணம்.

இப்போது எடைக்கு வருவோம். அதே நைஸ் வழிகாட்டி, இந்த உளவியல் சிகிச்சைகள் உடல் எடையைப் பெரிதாக மாற்றாது என்று நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறது. 2016-இல் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் டோபன்மையர் குழுவினர் 194 பேருக்கு உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்து, பாதிப் பேருக்குத் தியானத்தையும் சேர்த்தார்கள். 18 மாதம் கழித்து எடையில் வேறுபாடு 1.7 கிலோ. புள்ளியியல்படி அதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு மட்டும் ஓராண்டில் தியானக் குழுவில் சற்று நன்றாக இருந்தது. நீரிழிவைப் பற்றிக் கவலைப்படும் சமூகத்துக்கு அது கவனிக்கத்தக்க செய்தி, ஆனால் தராசு முள் அதற்காக நகரவில்லை.

இதில் ஓர் உள்முரணும் இருக்கிறது. எடையைக் குறைப்பதற்காகவே கவனமாகச் சாப்பிடத் தொடங்கினால், கவனம் மறுபடியும் காவல்காரனாகிவிடும். ஒவ்வொரு கவளத்தையும் 'இது கூடுதலா?' என்று பார்ப்பது பழைய டயட்டேதான், சட்டை மட்டும் புதிது.

எல்லா உண்ணல் கோளாறுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவையே ஒதுக்கும் அனோரெக்சியா உள்ளவரிடம் 'உன் பசியைக் கேள்' என்பது பயன்படாது, சில நேரம் ஆபத்து. பட்டினியில் அந்தக் குரல் மங்கியிருக்கும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு உப்பிவிடும். உடலை உற்றுக் கவனிப்பது அந்த உடலைக் கண்டு நடுங்குபவருக்கு வேதனையைக் கூட்டலாம். அங்கே முதல் வேலை எடையை மீட்டு உயிரைக் காப்பது. பதின்மவயதினருக்குப் பெரும்பாலும் பெற்றோரையே சாப்பாட்டு மேசையின் பொறுப்பில் அமர்த்தும் குடும்பச் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை அது. இன்சுலினோ, சர்க்கரையைக் கீழிறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களும், 'இன்னும் பசிக்கவில்லை' என்று வேளையைத் தள்ளிப்போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தாழ்சர்க்கரை தியானத்துக்குக் காத்திராது.

விரதம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள், புரட்டாசிச் சனி, ரமலான் நோன்பு எதுவும் கோளாறு ஆகாது. ஊரோடு சேர்ந்து, ஒரு பொருளோடு, குறித்த நாளில் முடிகிற கட்டுப்பாடு அது. ஆனால் ஏற்கெனவே பட்டினிக்கும் பெருந்தீனிக்கும் இடையே ஊசலாடுபவருக்கு விரதம் நல்ல மறைவிடமாகிவிடும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கூடவே பாராட்டும் கிடைக்கும். நோயுற்றவருக்கு இஸ்லாத்தில் நோன்பிலிருந்து விலக்கு உண்டு. முருகனும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.

பௌத்த வேர் உள்ள பயிற்சி என்று தயங்கும் கிறிஸ்தவ, முஸ்லிம் அன்பர்களும் இங்கே இருக்கிறார்கள். மருத்துவமனையில் சொல்லித்தருவதில் மந்திரமோ வணக்கமோ இல்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடலாம். அறிதல் நடத்தைச் சிகிச்சையின் பலன் இதற்குக் குறைந்ததில்லை.

இங்கே உதவி தேடுபவர்கள் பலதுறை மருந்தகத்தில் தொடங்கினால், அங்கிருந்து மருத்துவமனைக்குச் சலுகைக் கட்டணத்தில் அனுப்புவார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உண்ணல் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. சிக்கல் அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில்தான். மருத்துவரின் அறைக்குள் போய் "எடை கூடுது டாக்டர்" என்று தொடங்கினால், கையில் ஓர் உணவுப் பட்டியல் வந்துசேரும், அந்தப் பட்டியலே அடுத்த பட்டினியாகவும் ஆகலாம். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் மற்றதைச் சொல்லுங்கள்: "ராத்திரியில சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியல டாக்டர். யாரும் பார்க்காதப்போதான் சாப்பிடறேன். வாரத்துக்கு இத்தனை தடவை."